திட்டு வாங்கும் சாமி

மார்ச் 4, 1973. ஞாயிறு

லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு என் சிநேகிதி லோயிஸ் வீட்டுக்குப் போனேன். இடைமலைக்கு இன்னும் சூரியன் இல்லையே என்று போன வாரமே குறைப்பட்டிருந்தாள். இடைமலை நாங்கள் இருவரும் உண்டாக்கிய நாடு. கப்பலேறியவர்கள் இறங்க வேண்டிய கரையைத் தவறவிட்டால் போய்ச் சேரும் இடம். அதன் சாமிகளும் எங்கள் வேலைதான். ஒரே சட்டம்: எந்தச் சாமிக்கும் முடியாத காரியம் ஒன்று இருக்க வேண்டும்.

வரச்சொல்லி ஆத்தா என்னுடையவள். அவளுக்கு "வா" என்று மட்டும்தான் சொல்ல வரும். நீ யார், எந்த ஊர், என்ன ஆளுங்க, கார்டு எங்கே என்றெல்லாம் கேட்க வராது. சிலோனிலிருந்து வந்து இறங்கிய மண்டபம் முகாமிலிருந்து இந்தத் தோட்டம் வரைக்கும் எத்தனை பேர் கேட்டார்கள்! ஒருத்தியாவது கேட்காமல் இருக்கட்டும்.

லோயிஸின் சூரியன் பெயர் தாமசராசன். தானாக எழ முடியாது, திட்டினால்தான் எழுவான். அதனால் இடைமலையில் காலைப் பூஜை என்றால் வாசலில் நின்று வாய் வலிக்கத் திட்டுவது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

மார்ச் 12, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

லோயிஸுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குளிரில் அழுத பிள்ளைகளுக்குத் தாமசராசன் பூஜையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அத்தனையும் வாசலில் நின்று, "எந்திரிடா சோம்பேறி! எம்புட்டு நேரம்டா தூங்குவ! குளுருதுடா!" என்று கத்த, பனிக்குள்ளிருந்து வந்தது யார்? மருதாசலம் மேஸ்திரி! அன்றைக்கென்று பார்த்து மனுஷன் லேட்டு.

பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாங்கள் கூடை குலுங்கச் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

மார்ச் 13

"உங்களையில்லீங்க, சாமியத் திட்டுனாங்க" என்று லோயிஸ் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள், அது நானும் அவளும் உண்டாக்கிய சாமி என்பதையும் சேர்த்து. இப்போது அதுதான் பெரிய குற்றம். மாரியம்மன் திருவிழாவுக்கு இங்கே நோம்பி என்று பேர். அந்தக் கமிட்டிக்கும் மருதாசலம்தான் தலைவர். சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க பொன்னுத்துரை, உங்க புள்ள சாமி செய்யறாளாமா? நோம்பியன்னிக்கு ஈரத்துணியோட ஆத்தா முன்னால நின்னு, நாஞ்சொன்ன சாமியெல்லாம் பொய்யின்னு சூடம் அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க. இல்லாட்டிச் சப்பரத்துல உங்களுக்குத் தோளு கெடையாது."

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிலோன்காரன் என்று நாலு வருஷமாக நோம்பியில் ஓரமாக நிற்கவைத்தார்கள். இந்த வருஷம்தான் சப்பரத்தின் முன்கட்டையில் தோள் கொடுக்கலாம் என்றார்கள். புதுத் துண்டு வாங்கி மடித்து வைத்திருக்கிறார்.

நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 18, ஞாயிறு

லோயிஸை அவர்கள் சபையில் கூப்பிட்டுக் கேட்டார்களாம், வேறு சாமியைக் கும்பிட்டாயா என்று. "கும்புடலீங்க பாஸ்டர், திட்டத்தான் செஞ்சேன்" என்றாளாம். அவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அவள் தப்பித்தாள்.

எங்கள் வீட்டில் சிரிப்பே இல்லை. "ஒரு வார்த்ததானே ஆண்டாயி. அப்பாவுக்காகச் சொல்லிட்டு வந்துரு" என்று அம்மா கெஞ்சுகிறாள். ஒரு வார்த்தையா? வரச்சொல்லி பொய் என்றால், நம்மை "வா" என்று சொல்ல ஒருத்தியும் இல்லை என்று நானே சத்தியம் பண்ணின மாதிரி. என்னால முடியாது.

அப்பா வெடித்தார். "சாமிய மனுசன் உண்டாக்குவானா? கேடுகெட்டவளே!"

"அப்ப கவ்வாத்துசாமிய யாருப்பா உண்டாக்குனா?"

வாய் முந்திவிட்டது. சிலோனில் அட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் கவ்வாத்து நாளில், கத்தி காலில் விழாமல் இருக்கக் கல்லை நட்டுக் கும்பிடுவார்கள். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அந்தச் சாமி மேல் உயிர்.

"நம்ம ஆளுங்க சிலோனுக்குக் கப்பலேறுனப்ப நம்ம ஊருல தேயிலையே கெடையாது. கவ்வாத்துக்கு ஏதுப்பா சாமி? பயந்துபோன ஒருத்தர் உண்டாக்குனாரு. நான் மட்டும் உண்டாக்கக் கூடாதா?"

அப்பா சோற்றைத் தொடாமல் எழுந்துபோனார். பேசியது தப்பில்லை. பேசிய நேரம்தான் தப்பு.

ஏப்ரல் 2, திங்கள்

இந்தத் தோட்டத்துக்கு இது முதல் கவ்வாத்து. அப்பா எல்லாருக்கும் முன்னால் மலைக்குப் போய் ஒரு கல்லை நட்டு, கத்தியைச் சாத்தி, வெற்றிலை வைத்தார். அட்டனில் செய்தது போலவே.

"இதென்ன சாமிங்க?" என்றார் மருதாசலம்.

"கவ்வாத்துசாமி."

"அப்படியொரு சாமி எந்தக் கோயல்ல இருக்குது? அப்பனும் புள்ளையும் ஆளுக்கொண்ணு செய்யறீங்களாட்ட இருக்குது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா கல்லை எடுக்கவில்லை. நான் கூடையோடு பக்கத்து மலையில் நின்று பார்த்தேன். அழுகை அழுகையாக வந்தது. அந்தாளு தலையில கூடையக் கவுத்தா என்ன?

ஏப்ரல் 3

இன்றும் வெற்றிலை வைத்தார்.

ஏப்ரல் 10, செவ்வாய்

நோம்பி. கடைசியாக ஒரு தடவை கேட்டுவரச் சொல்லி மத்தியானம் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எம்புள்ள சொல்லமாட்டா. நானும் சொல்லச் சொல்லமாட்டேன்னு போய்ச் சொல்லு."

நான் கேட்டது நிஜம்தானா?

சப்பரம் எங்கள் வாசலில் நிற்காமல் போனது. அம்மா உள்ளே இருந்தபடியே கும்பிட்டாள். மாரியாத்தா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தூக்கியவர்கள் நடந்தார்கள், அவள் என்ன செய்வாள்? ஆனால் மேளச் சத்தம் ஓயும்வரை அப்பா கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. ஜெயித்துவிட்டேனா? அவரைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

ஏப்ரல் 11, புதன்

விடிந்தும் விடியாத பனி. வெளியே யாரோ கத்துகிற சத்தம். மருதாசலம்தான் சண்டைக்கு வந்துவிட்டார் என்று எழுந்து ஓடினேன்.

அப்பா. புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறார்.

"எந்திரிடா! எந்திரிடா சோம்பேறிப் பயலே! நாலு வருசமா ஓரமா நிக்கிறேன்டா! குளுருதுடா!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துபோனது. அம்மா தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றாள். "இன்னுங் கொஞ்சம் சத்தமா" என்றாள்.

நானும் சேர்ந்து கத்தினேன். லயத்தில் ஒரு கதவு திறந்தது. பனிக்குள் யாரோ தயங்கித் தயங்கி எங்கள் பக்கம் வருவது தெரிந்தது. யாரென்று நான் கேட்கவில்லை.

"வாங்க" என்றேன்.