மொட்டை மாடியில் சனி

நவ. 15, சனி

காலையிலிருந்து தூறல். பெட்டி வந்துவிட்டது. வருகிற நாளில் மழை பெய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் ராசி அப்படி.

பிரித்துப் பரப்பியது: லென்ஸ் தொலைநோக்கி, வெள்ளைக் குழாய், கைக்குழந்தை கனம். முக்காலி. நட்சத்திரத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் மோட்டார். அதற்கு எதிர் எடை. கேமராவை மாட்டும் வளையம், அளவு தப்பு, வேறு வாங்க வேண்டும். தெர்மாகோல் ஒரு மூட்டை.

செல்வி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்குப் பேரு வைக்கணுமா, காது குத்தணுமா?”

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார சார் குடை பிடித்துக்கொண்டு மேலே வந்தார். மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, இத நான் போர்டுல படம் போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் காட்டிருக்கேன். கண்ணால பாக்குறது இன்னைக்குத்தான்.” குழாயைத் தடவிப் பார்த்தார்.

நல்ல மனிதர். மதுரையில் நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் இங்கேதான் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மேனேஜர் ஒரு போன் போட்டார், சார் சாவியைக் கொடுத்தார். மற்ற இடங்களில் ‘சொந்த ஊர் எது’வில் ஆரம்பிக்கும், ‘எந்தத் தெரு’வில் வந்து நிற்கும். தெருவைச் சொன்னதும் வீடு வேறு ஆளுக்குப் பேசி முடிந்திருக்கும். இங்கே மொட்டை மாடியும் எங்கள் பொறுப்பில். அதை நம்பித்தான் இதை வாங்கியது.

இரவு முழுக்க மேகம். தூக்கமும் இல்லை.

நவ. 17, திங்கள்

தெளிந்துவிட்டது. மோட்டாரைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டுமாம். யூடியூபில் பேசுகிறவன் ஊரில் அது நல்ல உயரத்தில் நிற்கிறது. மதுரையில் தரையை ஒட்டி. நாங்கள் இருக்கும் விளாங்குடியில் அதுவும் கிடையாது: வடக்கே ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவ்வளவு தாழச் சாய்த்தால் எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கிறது. இந்தப் பக்கத்திலும் ஒருத்தன் வானத்தைப் பார்ப்பான் என்று செய்தவன் நினைக்கவே இல்லை போலிருக்கிறது.

போன் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாக நிறுத்தினேன். ஒரு காலுக்குச் செங்கல்.

புது வளையத்தில் கேமராவை மாட்டி எடுத்த படம் எல்லாம் கோடு. புள்ளியாக ஒன்றுகூட இல்லை. பகல் முழுக்க எக்ஸ்ரே ரூமில் “மூச்ச அடக்குங்க, அசையாதீங்க” என்று சொல்லி எலும்பைப் படம் எடுக்கிறவன் நான். சொன்னால் கேட்கிறார்கள். இந்த நட்சத்திரங்களிடம் யார் சொல்வது.

தெருவிளக்கு வேறு. வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்துகிறது. கைப்பிடிச் சுவரில் குடையை விரித்துக் கட்டினேன்.

தயிர் வாங்க மறந்துபோனேன். செல்வி மோரில்லாமல் சாப்பிட்டாள்.

நவ. 20, வியாழன்

அமாவாசை. சாயங்காலமே வானம் சுத்தம். சனியைக் காட்டுகிறேன் என்று சாரிடம் வாய் விட்டிருந்தேன். சார், டீச்சரம்மா (அவர் மனைவி), எதிர்வீட்டு ராக்கு அக்கா, மூன்று பேரும் வந்தார்கள்.

சனி உச்சியில் நின்றதால் கண் வைக்கும் இடம் இடுப்புக்குக் கீழே. சார் முழங்காலே போட்டுவிட்டார். எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். “ஆண்டவரே” என்றார், அவ்வளவுதான்.

இந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. உருண்டைக்குக் குறுக்கே ஊசி குத்திய மாதிரி ஒரு கோடு. டீச்சரம்மாவுக்கு ஏமாற்றம். “புத்தகத்துல போட்டிருக்க மாதிரி இல்லையே.”

ராக்கு அக்கா செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டார். கோயிலில் சனிக்கு நேரே நிற்கக் கூடாது, ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும். அதேபோல் ஒருக்களித்து நின்று கண்ணை வைத்தார்.

“ஒண்ணுந் தெரியலையே தம்பி. இருட்டாக் கெடக்கு.”

“நேரா பாக்கணும்க்கா.”

“நேரா பாத்தா புடிச்சுக்கிருவானே.” யோசித்தார். “சரி, ஒத்தக் கண்ணுதான. புடிச்சாலும் பாதிதான் புடிப்பான்.” குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தோம். செல்வி டீ போட்டாள்.

சனியை எடுத்த படம் உளுந்து அளவு. அதுவும் நடுங்குகிறது. பரவாயில்லை.

நவ. 23, ஞாயிறு

அப்பா வந்தார். திருமங்கலம் பஸ். கையில் ஒரு பை வெண்டைக்காய். அடுத்தவன் வயலில் குனிந்து நிமிர்ந்தே என்னைப் படிக்க வைத்தவர். கண் ஆபரேஷன் ஆகியும் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. சாயங்காலம் நிலாப் பிறையைப் பார்க்கச் சொன்னேன். “மங்கலாத் தெரியுதுய்யா. நல்லாருக்கு” என்றார். எனக்காகச் சொன்னது.

அவர் கிளம்பும்போது நான் மாடியில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் சார் நிறுத்திப் பேசியது கேட்டது.

“அய்யாவுக்கு எந்த ஊரு?”

“திருமங்கலம் பக்கம்ங்கய்யா.”

“பக்கம்னா?”

அப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“தெரியுமே. ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிதாங்கய்யா.”

“சரி சரி. பாத்து எறங்குங்க, படி வழுக்கும்.”

அப்பா உள்ளதைச் சொல்கிறவர். சொல்லட்டுமே. சார் பழைய ஆள், யாரைக் கண்டாலும் ஊர் பேர் விசாரிப்பார். படி வழுக்கும் என்றுகூடச் சொன்னாரே. செல்வி என்னையே பார்த்தாள். என்ன என்றேன். “ஒண்ணுமில்ல.”

நவ. 25, செவ்வாய்

ஆறாமீன், அதுதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், படத்தில் வந்துவிட்டது.

குட்டிக் குட்டியாக நிறைய எடுத்து, கோடு விழுந்ததைக் கழித்து, மிச்சத்தை லேப்டாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. முதலில் வெறும் சாம்பல். வெளிச்சத்தை இழுக்க இழுக்க நட்சத்திரங்களைச் சுற்றி நீலப் புகை. கண்ணால் ஒருநாளும் தெரியாதது. அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் பிறந்த நாளிலிருந்து.

செல்வியை எழுப்பினேன். திட்டவில்லை. “நீங்க எடுத்ததா?” என்று கேட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “அழகா இருக்கு.” கல்யாணமான நாளிலிருந்து என் காரியம் எதையும் இப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வந்த ஒரே பதில்: “சூப்பர்ணே. எந்த ஆப்?”

நாசமாய்ப் போங்கள். நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

நவ. 26, புதன்

காலையில் கேட்டருகே சாரிடம் படத்தைக் காட்டப் போனேன். “அப்பறமா பாக்குறேன் தம்பி.” பிறகு, வெளியில் நிற்க வைத்தே:

“தப்பா நெனச்சுக்கிறாதீங்க. எதிர்வீட்ல ஒரே சங்கடம். அந்தம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம் நின்னுபோச்சாம். உங்க மாடில சனியப் பாத்ததுனாலதான்னு பேச்சு. நமக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா அக்கம்பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. டிசம்பர் முடிய வச்சுக்கங்க.”

“டெலஸ்கோப்பத் தூக்கிர்றேன் சார். இனி மாடிக்கே போகல.”

“அதுக்கில்ல தம்பி. வீட்டத்தான் சொல்றேன்.”

நான் கெஞ்சியிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது. ‘மாடிக்கே போகல’ என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

டூட்டியில் ஒரு பெரியவருக்கு இடது முழங்காலுக்குப் பதில் வலதைப் படம் எடுத்துவிட்டேன். டாக்டர் ஏசினார்.

நவ. 28, வெள்ளி

ராக்கு அக்காவுக்குச் சொல்ல வேண்டியவை:

சனி எம்புட்டோ கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. நாம் பார்ப்பது அதற்குத் தெரியாது.

அது வெறும் காற்று உருண்டை.

பார்த்தால் பிடிக்கும் என்றால் முதலில் என்னைத்தானே பிடிக்க வேண்டும். (பிடித்துத்தான் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டாம்.)

ஸ்டுடியோவில் சனி படத்தைப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அந்தம்மா பயம் தெளிந்தால் சார் மனசு மாறுவார். ஒரு பெண் பிள்ளையின் கல்யாணம் நின்றால் யார் என்றாலும் பதறத்தான் செய்வார்கள். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்கு இந்தப் பாடமெல்லாம்?” என்றாள். அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது.

நவ. 30, ஞாயிறு

ராக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததும் ஈரச் சேலையோடு திரும்பினார்.

“நிச்சயம் நின்னுபோச்சா? எந்தக் கட்டையில போறவன் சொன்னது? மாப்ளைக்கு டெங்கு காச்சல் தம்பி. தை பொறந்ததும் வச்சுக்கிருவோம்னு அவுக வீட்லயே சொல்லிட்டாக.”

“சனியப் பாத்ததுனாலன்னு நீங்க…”

“நான் எங்கய்யா சொன்னேன்? சனியப் போல குடுக்குறவனும் இல்ல, கெடுக்குறவனும் இல்ல. நான் பாத்து வேண்டிக்கிட்டுத்தான் மாப்ள பொழச்சாரு. அந்த சார்கிட்ட நான் வாயே தொறக்கலையே.”

படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேரே வைக்கக் கூடாதென்று பீரோவுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். காபி குடிக்காமல் விடவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்வி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“சனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாமா வந்துட்டுப் போனாங்க, அந்த வாரமே காலி பண்ணச் சொல்லிட்டாரு. இத நான் வேற சொல்லணுமா? ஒருத்தன் எலும்புக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துருவீங்க. மூஞ்சில இருக்கறது தெரியாது.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல.”

“நல்ல மனுஷன் நல்ல மனுஷன்னு சொல்லிட்டே இருந்தீங்க. கெடுக்க வேண்டாம்னு பாத்தேன்.”

இத்தனை நாளும் சனிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எவ்வளவு மடையன்.

அப்பா மேல் கோபம் வந்தது. ஊருக்குள்ளதான் என்று ஒரு பொய் சொன்னால் என்ன என்று. கொஞ்ச நேரம்தான். அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது.

டிச. 3, புதன்

கார்த்திகை. தெரு முழுக்க அகல் விளக்கு. நிலா வேறு முழுசாக. படம் எடுக்க லாயக்கில்லை.

வீடு தேடல்: திண்டுக்கல் ரோட்டில் மாடி வீடு, “கறி சமைப்பீங்களா” என்று ஆரம்பித்தார், “நீங்க எந்த ஆளுக” என்று முடித்தார். வண்டியூர்ப் பக்கம் ஒன்று, இந்த முறை நானே முதலில் சொல்லிவிட்டேன்: திருமங்கலம் பக்கம், காலனி, வீடு இருக்கா இல்லையா. “வீட்டுல கேட்டுட்டுக் கூப்பிடுறேண்ணே” என்றான். கூப்பிடவில்லை. மூன்றாவதற்குச் செல்வி பேசினாள். அதுவும் அப்படித்தான்.

அப்பா போன். “வீடு சவுரியமா இருக்காய்யா? அந்தப் பெரியவரு தங்கமான ஆளு. என்னயப் பாத்து எறங்கச் சொன்னாருல்ல.”

“ஆமாப்பா” என்றேன்.

டிச. 7, ஞாயிறு

சர்ச் முடிந்து சார் மேலே வந்தார். கையில் கேக். முகமெல்லாம் சிரிப்பு. காலி பண்ணுவதைப் பற்றிப் பேச வருகிறார், மனசு மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இன்னும் புத்தி வரவில்லை எனக்கு.

“தம்பி, சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் ப்ரோக்ராம் வருது. அந்தச் சனியக் காட்டணும். நான் பாத்து அப்படியே நின்னுட்டேன்ல, அத அதுகளும் பாக்கணும். நம்ம மாடிலயே வச்சுக்கலாம். நீங்க போறதுக்குள்ள.”

“எதிர்வீட்டு அக்கா சங்கடப்படுவாங்களே சார்.”

மறந்தே போயிருந்தார். எதைச் சொல்கிறேன் என்று பிடிபடச் சற்று நேரமானது.

“அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“அப்ப வீடு?”

“அது வேற தம்பி.”

“எங்க அப்பாகிட்ட ஊருக்குள்ளயா காலனியான்னு கேட்டீங்கள்ல. அதுவா சார்?”

சுவரைப் பார்த்தார். சும்மா கேட்டது என்றார். பிறகு மகன் பெங்களூரிலிருந்து வரப்போகிறான், அவனுக்கு வீடு தேவைப்படுகிறது என்றார். பிறகு, “பிள்ளைகளுக்குத்தான தம்பி கேக்குறேன். படிச்சவரு நீங்க.”

“காட்ட மாட்டேன் சார்.”

குரல் நடுங்கியது. நடுங்காமல் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னேன்.

கேக்கை ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்கினார். கீழே டீச்சரம்மாவிடம் சொன்னது படிக்கட்டு வழியாக அப்படியே மேலே வந்தது: “என்ன இருந்தாலும் புத்தியக் காட்டிட்டான் பாத்தியா.”

செல்வியும் கேட்டாள். கேக்கை எடுத்துப் போய்க் கீழ்ப்படியில் வைத்துவிட்டு வந்தாள். அழவில்லை. நான்தான்.

மேகம் இல்லை. நிலா வர நேரமிருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் மாடி எங்களுடையது. குழாயை நான் தூக்கிக்கொண்டேன். செல்வி எதிர் எடையையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருக்கிறாள்.