மூச்சுக்கு ஓர் அட்டவணை

மயிலாப்பூர்,
பவ வருஷம் ஐப்பசி 29

சௌபாக்கியவதி சூடாமணிக்கு,

அண்ணா அனந்தராமன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மழை, கபம், நான் மூவரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம். நாகபுரியில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நம்ப ஆசை. ஆனால் போன கடிதத்தில், நெஞ்சுக்குள் குருவி சிறகடிப்பது போல் இருக்கிறது என்றும், ஆனாலும் நான் அனுப்பிய மாத்திரை அட்டவணையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை. காபியை நிறுத்து, கடிதம் வருகிறது என்று தந்தி அடித்தேன். இங்கே காபி நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்று பதில் தந்தி அடித்தாய். அப்பாவின் இரைப்பு நம் இருவருக்கும் சமமாக வந்தது; தைரியம் முழுவதும் உன் பங்குக்குப் போய்விட்டது. ஆகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்:

1. என் பைக்கடிகாரம் பழுதானது.
2. பழுது கடிகாரத்தில் இல்லை என்று தெரிந்தது.
3. டாக்டர் சொன்னது.
4. உனக்கு அனுப்பிய அட்டவணையில் பிழையில்லை, பிழை காபியில்.

முதலாவது. இரைப்புக்கு எபிட்ரின் மாத்திரை ஆரம்பித்த ஆடி மாதம் முதல் காலையும் மாலையும் நாடியை எண்ணிக் குறித்து வருகிறேன். எண்பத்திரண்டு, எண்பத்து நான்கு என்று மரியாதையாக இருந்தது, நவராத்திரிக்குப் பிறகு தாறுமாறாயிற்று. ஒரு நிமிஷம் தொண்ணூற்றாறு. அடுத்த நிமிஷமே எழுபத்தொன்று. விநாடி முள்தான் நின்று நின்று ஓடுகிறது என்று தீர்மானித்தேன். எண்ணத் தெரியாதவன் நான்தானோ என்றும் தோன்றியது. அது எனக்கு எதிலும் தோன்றுவது. நெஞ்சைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை.

இரண்டாவது. லஸ் மூலையில் கடிகாரம் பழுது பார்க்கும் அப்துல் கய்யூமிடம் கொடுத்தேன். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம வாட்ச்சு ராஜா மாதிரி ஓடிக்கினு கீது சார். இன்னா கம்ப்ளெயிண்டு?" என்றார். கூச்சத்தோடு சொன்னேன். சிரித்துக்கொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததும் சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு அடி வருது, ஒண்ண முழுங்குது, அப்பால மூணு ஒண்ணாத் துரத்திக்கினு வருது. இது நம்ம கடைச் சரக்கு இல்ல சார்" என்று கடைக்குப் பூட்டைப் போட்டார். டாக்டரிடம் போகும் ரிக்ஷாவில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். "சும்மா குந்து சார், பேசினாலே மூச்சு வாங்குது" என்று அதட்டினார்.

மூன்றாவது. டாக்டர் வேதாந்தம் குழாயை என் மார்பில் வைத்தார். கய்யூம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேஜைமேல் என் கடிகாரம். இருவரும் ஒரு நிமிஷம் எண்ணினார்கள். டாக்டருக்கு நூற்றிருபத்தெட்டு, கய்யூமுக்கு நூற்றொன்று. "நான் வாட்ச்சுக்காரன், நம்மகிட்ட எண்ணிக்கை தப்பாது" என்றார் கய்யூம். "ரெண்டு பேரும் சரிதான், பாய். இருபத்தேழு அடி நெஞ்சுல அடிச்சும் கைக்கு வந்து சேரலை" என்றார் டாக்டர். பல வருஷம் இரைத்த மார்பில் நெஞ்சு பாதிக் காற்றைக்கொண்டு முழு வேலை செய்கிறதாம், லேசில் தடுமாறுமாம், அதைச் சாட்டையால் அடித்து ஓட்டினால் ஒரு நாள் நின்றுபோகவும் கூடுமாம். எத்தனை காபி என்றார். ஆறு என்றேன். மாத்திரை எத்தனை என்றார். நீங்கள் சொன்னபடிதான் என்றேன். காபியை நிறுத்தச் சொல்லி ஒரு மருந்து கொடுத்தார். அதன்பேரில்தான் உனக்கு அந்தத் தந்தி.

நான்காவது. அட்டவணைப்படி காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு...

சூடாமணி, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். நான் டாக்டரிடம் சொன்னது பொய். ஆடி மாதம் அவர் சொன்னது, "மூச்சு ரொம்ப முட்டினா ஒண்ணு போட்டுக்கோங்கோ" என்பதுதான். முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஆபீஸில் நேர அட்டவணை போட்டவன், ‘முட்டினா’ என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவான்? நான்கு வேளையாக வகுத்துவிட்டேன். அது பார்க்க அழகாக இருந்தது. சிவப்பு மையில் கோடு போட்டு உனக்கும் ஒரு பிரதி எடுத்தேன்.

அதைத்தான் இப்போது போய் ஒப்புக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. "மாமா, ரயிலே சமயத்துக்கு வரதில்லை. மூச்சைப் போய் வரச் சொல்றேளே!" என்று சிரித்தார். வேளை தவறாமல் போட்டால் காபியைவிட அந்த மாத்திரைதான் நெஞ்சுக்குப் பெரிய சாட்டை என்றார். பிறகு, தங்கையும் இதே மாதிரி சாப்பிடுகிறாள் என்றதும் சிரிப்பை நிறுத்தி, தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடச் சொன்னார். இரைப்போடு முடிந்தமட்டும் ஓடினேன். மாத்திரையை நிறுத்து, இன்றே டாக்டரைப் பார் என்று இரண்டாவது தந்தி போயிருக்கிறது. அண்ணாவின் பயம் என்று அதை நீ மடித்து வைத்திருப்பாய். ஆகவே இதையும் இன்றைய தபாலில் சேர்க்கிறேன்.

என் பயத்தை நம்பவேண்டாம், அம்மா. அங்கே டாக்டர் மார்பில் எண்ணட்டும், மாப்பிள்ளை கையில் எண்ணட்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஆயுள் முழுவதும் என்னைக் கேலி செய்.

நான்காவது அம்சம் தவறு. பிழை காபியோடு நிற்கவில்லை, அட்டவணையே பிழை. சந்தேகப்படாமல் நான் எழுதிய காகிதம் என் வாழ்வில் அது ஒன்றுதான். கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்தேன் என்று தந்தி கொடு.

நீ தீர்க்காயுளாக இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,
அண்ணா