இரண்டு முழம் நீட்டிய லாரி

அத்தான்,

நான் வாய் மூடியிருந்தது போதும். நீங்கள் உயிரோடு இருந்தவரை பேசவில்லை. நீங்கள் போன பிறகு பேசுவது அழகில்லை என்று அப்புறமும் பேசவில்லை. நேற்று விளாங்குடியில் சுண்ணாம்பால் போட்ட ஒரு கோடு கண்ணில் பட்டது. இனிமேல் சும்மா இருக்க முடியாது.

திண்டுக்கல் ரோட்டில் உங்கள் லாரிக்குக் கூடு கட்டிய அதே மரப்பட்டறைதான். எங்கள் மில் ஆபீசுக்கு மேஜை செய்யச் சொல்லியிருந்தோம், பார்க்கப் போனேன். அறுத்த வாகை மரத்தின் வாசனை தெரு வரைக்கும் வந்தது. உள்ளே ஒரு புது லாரி, இன்னும் கூடு கட்டாமல், என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமுமாக நின்றது. உலகச் சண்டை முடிந்து இப்போதுதான் புது லாரி கண்ணில் படுகிறது. யாருடையது என்று ஆசாரியைக் கேட்டேன்.

"திருவாதவூர்த் தம்பியோடதுங்க. அவுக அம்மா நஞ்சையை வித்து எடுத்திருக்காரு. பின்னாடி ரெண்டு முழம் நீட்டணுமாம். அவுக அப்பாரு சொல்லிவச்ச அளவாம்."

குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தைத் தாண்டிய சட்டத்தில் அறுக்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்திருந்தார்கள்.

"எப்ப அறுக்கிறீங்க?"

"வெள்ளிக்கிழமை. பூசை போட்டுட்டுத்தான் ரம்பம் வைக்கணும்னு சொல்லிட்டாரு."

உங்கள் மகன் அங்கே இல்லை. இருந்தாலும் என்னோடு பேசியிருக்க மாட்டான். மாமன் குடும்பத்தைக் கெடுத்தவன் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அவன்.

உங்களிடம் இருந்த திறமையை நான் மறுக்கவில்லை. மாட்டுவண்டியில் பாரம் ஏற்ற உங்களைப் போல் ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. நெல் மூட்டையோ வைக்கோலோ, ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பீர்கள். கனமாக இருந்தால் ஒரு மூட்டையைப் பின்னால் தள்ளச் சொல்வீர்கள். "முன்பாரம் ஏறுனா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும் மாப்ள. பாரத்தைப் பின்னால போடு, மாடு பாடிக்கிட்டே போகும்." அதைக் கற்றுக்கொண்ட பிறகு, எந்த வண்டி எதிரே வந்தாலும் முன்பாரமா பின்பாரமா என்றுதான் என் கண் முதலில் பார்க்கிறது. ஆபீசுக்குப் போகும் வழியில் இன்றைக்கும் பார்த்தேன். உங்கள் மேல் எத்தனை வருத்தம் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சண்டைக்கு முன்னால், வண்டிகளையும் மாடுகளையும் விற்று நீங்கள் முதல் லாரி எடுத்தபோது, ஏஜெண்டிடம் பேச என்னைத்தான் அழைத்துப் போனீர்கள். அவர் உத்தரவாதக் கடுதாசியைக் கொடுத்தார். மேலமாசி வீதியில் காபி குடித்துக்கொண்டே அதை வரி வரியாக உங்களுக்குத் தமிழில் சொன்னேன். முதல் சில மாதங்களுக்குள் பாகம் எதுவும் பழுதானால் கம்பெனியே மாற்றித் தரும். ஆனால் அடிச்சட்டத்தை அறுத்தாலும், துளை போட்டாலும், நீட்டினாலும் உத்தரவாதம் செல்லாது. சட்டத்துக்கு மட்டுமில்லை, என்ஜினுக்கும் சேர்த்தே செல்லாது.

நீங்கள் சிரித்தீர்கள். "மாட்டை வித்தவன், மூக்கணாங்கயிறை மாத்தாதேன்னு சொல்லுவானா மாப்ள? சந்தையில கயிறை அவிழ்த்துக்கிட்டு மாட்டை மட்டும் நம்ம கையில குடுத்துட்டுப் போயிருவான். அதோட அவனுக்கும் மாட்டுக்கும் என்ன பேச்சு?"

"இது மாடு இல்ல அத்தான். வித்த பிறகும் பொறுப்பு ஏத்துக்கிறேங்கிறான். அதுக்குத்தான் இந்த நிபந்தனை."

"என்ஜின் எங்க இருக்கு? முன்னால. இழுக்கிறது எது? அதுதான். அதுக்கு மேல பாரத்தை ஏத்துனா அது எப்படி இழுக்கும்? கூட்டைப் பின்னால நீட்டிப் பாரத்தை அங்க போட்டா, அது பாட்டுக்குப் போகும்."

அதுதான் தப்பு. மாட்டுவண்டிக்கு அச்சு ஒன்று. முன்னால் ஏறும் கனத்தை மாட்டின் கழுத்து தாங்க வேண்டும். லாரிக்கு முன்னாலும் பின்னாலும் அச்சு இருக்கிறது. பின் அச்சைத் தாண்டிப் பாரம் ஏற்றினால் சட்டம் கடப்பாரை போல நெம்பும். காப்பாற்ற அங்கே மாட்டுக் கழுத்து ஏதும் இல்லை. நுகத்தடி இல்லாத வண்டிக்கு நீங்கள் நுகத்தடிக் கணக்குப் போட்டீர்கள்.

அன்று உங்கள் வீட்டில் சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். "தம்பி சொல்றதைக் கேட்டாத்தான் என்ன?" என்று அவளும் ஒரு வார்த்தை சொன்னாள். "நீ குழம்பை ஊத்து" என்றீர்கள். பட்டறையில் ரம்பம் வைக்கும் அன்றும் வந்து தடுத்தேன். ஆசாரி முன்னால் என் தோளில் தட்டி, "நீ இங்கிலீசைப் படி மாப்ள, பாரத்தை நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். பட்டறையே சிரித்தது.

முதல் சுமைக்கு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினீர்கள். ஒரு விரலால் ஸ்டீரிங்கைத் திருப்பிக் காட்டினீர்கள். "பாத்தியா, எம்புட்டு லேசாத் திரும்புது." பின்னால் ஏறிய கனம் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தது, அதனால் வந்த லேசு அது. எனக்கும் அப்போது தெரியாது. பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த ஓட்டத்திலேயே, வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே நெல் பாரத்தோடு சட்டம் ஒடிந்தது. மெதுவாகப் போனதால் நாம் பிழைத்தோம். தெப்பம் பார்க்கப் போகிற கூட்டம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. "அண்ணே, களைச்சுப்போயி உக்காந்திருச்சு. அவுத்துவிட்டுத் தண்ணி காட்டுங்க" என்றான் ஒருவன். நீங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக நீங்களே இறக்கினீர்கள். அந்த ஒரு பொழுது உங்களுக்காக எனக்கு மனசு வலித்தது.

மறுநாள் கம்பெனி மெக்கானிக் வந்து லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடத்தைக் கையால் தடவிவிட்டு எழுந்தார். "கம்பெனி குடுத்த சட்டம் இது இல்லீங்க. நாங்க ஒண்ணும் செய்யிறதுக்கில்ல." உங்களைத் திட்டவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். சாயங்காலம் துக்கம் விசாரிப்பது போல உறவுக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எப்படி இப்படி ஆயிற்று என்று உங்கள் பெரியப்பா கேட்டார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். "காலேசு படிச்சவன்னுதான் கூடக் கூட்டிக்கிட்டுப் போனேன். கேரண்டி போயிரும்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாம் கேட்டவள் அவள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யன் ஆக்க மாட்டாள் என்பது புரிகிறது. ஆனால் தம்பியை ஆக்கலாம் போலும். அன்று உங்கள் படியிறங்கியவன், உங்களுக்குக் காரியம் நடந்த அன்றுதான் மறுபடி ஏறினேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காவுக்கு நான்தான் போட்டேன். அப்போதும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒடிந்த லாரி இரும்பு விலைக்குப் போயிற்று. கடைசிவரை நீங்கள் அடுத்தவர் லாரிகளுக்குப் பாரம் ஏற்றிக் கொடுத்தீர்கள். உங்களைக் குறை சொன்னவர்கள் குறைவு. என்னைச் சொன்னவர்கள் அதிகம். அதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். ஆனால் உங்கள் மகனிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள் என்பது நேற்றுத்தான் உறைத்தது. அளவு சரி, கம்பெனி இரும்பு மட்டம், மாமன் மோசம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அந்தச் சட்டத்தில் கோடு போட்டிருப்பானா? உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய் சொன்னீர்கள். அதை நம்பி, தாயின் நஞ்சையை விற்று வாங்கிய லாரியை வெள்ளிக்கிழமை அறுக்கப் போகிறான். உத்தரவாதம் அன்றே போய்விடும். லேசாகத் திரும்புகிற ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அவனும் சிரிப்பான். எல்லா லாரியும் மெதுவாகப் போகும்போதே ஒடியும் என்று யார் சொன்னது?

நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். நேற்று வீடு வரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷத்துக் கோபம் அது. ஆனால் அவன் என் அக்கா பெற்ற பிள்ளை. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுதவன்.

இதை உங்கள் பேருக்கே அனுப்புகிறேன். செத்தவர் பேருக்கு வரும் கடிதத்தை மகன்தான் பிரிப்பான். நாளைக் காலைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கு முன்னாலேயே கிடைத்துவிடும். என் பேரைப் போட்டால் முதலில் அதைத்தான் பார்ப்பான்; மாமன் பொறாமையில் எழுதினான் என்று அடுப்பில் போட்டுவிடுவான். பேர் இல்லையென்றால் பிரித்துப் படிக்கவாவது தொடங்குவான்; நடுவில் நான்தான் என்று தெரிந்தாலும் கடைசி வரைக்கும் விடமாட்டான். படித்ததும் அக்காவிடம் போய், இது நிஜமா என்று கேட்பான். அவள் சொல்லட்டும். இந்தத் தடவை அவள் பேசாமல் இருந்தால் போவது தம்பியின் பேர் இல்லை.

கையெழுத்துப் போடாமல் உறையை ஒட்டுகிறேன்.