சந்தனம் பூசிய போர்டு

கோமதியம்மன் துணை

சங்கரன்கோவில்

அன்புள்ள தம்பி லிங்கேஷுக்கு,

அண்ணி ராஜேஸ்வரி ஆசி கூறி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கால் பெடல்களோடு நீ செய்து அனுப்பிய சர்க்யூட் போர்டை அண்ணன் முதலில் தொடக்கூட இல்லை. “ஏட்டி, காலால மிதிச்சு அடிக்க நான் என்ன டெய்லரா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அச்சகத்துக் கட்டிங் மெஷினில் வலது கையில் மூன்று விரல் போனதிலிருந்து எதைக் கண்டாலும் எரிச்சல்தான். கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தே குடும்பத்தை ஓட்டியவர். ஷிப்டையும் எழுத்தையும் சேர்த்து அழுத்த வராமல் உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வராதா?

நான்தான் பிடிவாதமாகச் செருகினேன். சாப்ட்வேர் எதுவும் கேட்கவில்லை. யூஎஸ்பி வயரைச் செருகியதும் வீட்டுக் கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டு என்றே எடுத்துக்கொண்டது. ஷிப்ட் பெடலை வலது பக்கம் மாற்ற நீ அனுப்பிய புரோகிராமும் அதே வயரில் ஏறிவிட்டது. பிறகு அவராகவே உட்கார்ந்து ஒரு பத்திரிகையை முழுசாக அடித்தார். அச்சக முதலாளி ஹபீப் முகம்மது பாய் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, “பூசை முடிஞ்சதும் வந்து உம்ம சீட்ல உக்காரும்வே” என்றார்.

ஆயுத பூசைக்குப் போர்டையும் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். பொரிகடலை பாயே வாங்கி வைத்திருந்தார். மெஷினுக்கும் மவுசுக்கும் வைத்த கையோடு, செருகியிருந்த போர்டுக்கும் அண்ணன் தாராளமாகச் சந்தனத்தை அப்பிவிட்டார். மூடியில்லாத போர்டு, ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. திரையில் ஒரே எழுத்து விடாமல் ஓடியது. அப்புறம் போர்டில் விளக்கு அணைந்தது. துடைத்துக் காயவைத்தும் பயனில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. விரல் போனபோது அழாத மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். “என் பொருளுன்னு நெனச்சுத்தானட்டி வச்சேன்” என்றார்.

ஐப்பசி முகூர்த்தம் நெருங்குகிறது. ஒரு வாரம் பொறுப்பதாக பாய் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் வேறு ஆள் வைக்காமல் அவராலும் முடியாது.

அதனால் அதே மாதிரி இன்னொரு போர்டு வேண்டும், மூடி போட்டு. கூரியரில் அனுப்பாதே தம்பி, நீயே கொண்டு வா. அண்ணன் கையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் லீவு கிடைக்கவில்லை என்கிறாய். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடைத்தெருவில்கூட அந்தக் கையை வீசிக்கொண்டுதான் நடக்கிறார். நீ வீடியோவில் வரும்போது மட்டும் துண்டால் மூடிக்கொள்கிறார். ஒரு தடவை வந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் போ, ராசா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி ராஜேஸ்வரி