பம்பரின் உள்பக்கம் ஒட்டியது யார்?

தம்பி,

எழுந்ததும் கார் சாவியைத் தேடாதே, என்னிடம் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்.

"கல்லு அடிச்சு பம்பர்ல விரிசல் விட்டுடுச்சுக்கா, மேல பெயிண்ட் மட்டும் அடிச்சுக் குடு" என்றாயே நேற்று. அதென்ன மேலே மட்டும்? மனசு கேட்கவில்லை. காலையில் பம்பரைக் கழற்றிப் பார்த்தேன். விரிசலுக்கு உள்பக்கம் யாரோ ஏற்கெனவே ஃபைபர் துணி வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"நான்தான் ஒட்டினேன்" என்று கதை விடாதே. நீ ஒட்டினால் சதுரமாக ஒரே துண்டு, அதுவும் கோணலாக. இதில் மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று சிறியது, மூலையெல்லாம் வட்டமாக வெட்டியிருக்கிறது. கூரான மூலைதான் முதலில் பிய்த்துக்கொண்டு வரும் என்று இப்படி வெட்டுகிற ஆள் அப்பா ஒருவர்தான்.

"இனிமே அவர் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்று நான் சொன்னபோது பெரிதாகத் தலையாட்டினாயே! எத்தனை நாளாக அப்பா வீட்டுக்குப் போய் வருகிறாய்?

பதினொரு மணிக்குப் பெயிண்ட் கடைக்காரர் வருவார். டப்பாவை மட்டும் வாங்கி வை. பம்பரைத் தொட்டால் தெரியும் சேதி.

அக்கா

கடிதத்தை மடிக்கப் போனவள் மறுபடி போய்ப் பம்பரைப் பார்த்தேன். துணிக்கு அடியில் அங்கங்கே காற்றுக் குமிழ் நிற்கிறது. அப்பா ஒரு குமிழ்கூட விடமாட்டாரேடா. கண் மங்கிவிட்டதா, கை நடுங்குகிறதா? இதைத்தான் என்னிடம் மறைத்தாயா?

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். பஸ் பிடித்து அங்கேதான் போகிறேன். அவரிடம் போன் போட்டுச் சொல்லிவிடாதே.