உப்பு தேவையான அளவு

மார்ச் 4, செவ்வாய்

பல வருடங்களுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், சிறிதளவு அமிலம்னு போட்டிருக்கே, சிறிதளவுன்னா எவ்வளவு?" வகுப்பே சிரித்தது. நான் அன்றே என் பாடப்புத்தகத்தில் பென்சிலால் 'ஐந்து சொட்டு' என்று எழுதிவைத்தேன். இன்று சமையல் புத்தகம் ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'உப்பு தேவையான அளவு'. அது தெரிந்திருந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்?

முப்பத்தோரு வருடமாக இந்த வீட்டு அடுப்பு இவருடையது. எனக்குக் காலைப் பள்ளி, இவருக்கு மதிய ஷிப்ட், அப்படியே அமைந்துவிட்டது. டிசம்பர் காய்ச்சலோடு இவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. அதிலிருந்து கரண்டியைத் தொடுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. ஐந்து கிலோ இறங்கிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள எடை ஏறணும், இல்லேன்னா அட்மிட் பண்ணிதான் பார்க்கணும்" என்றார் டாக்டர். கடைச் சாப்பாடு இவர் வயிற்றுக்கு ஆகாது. ஆக, அறுபத்திரண்டு வயதில் நான் ஒன்றாம் வகுப்பு.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது புத்தகம். 'பதம் வந்ததும் இறக்கவும்.' பதம் வந்தது எப்படித் தெரியும்? வாசலில் நின்று கூப்பிடுமா?

இவரைக் கேட்டேன். "நாக்கே செத்துப் போச்சு. என்னைக் கேக்காதே."

மார்ச் 7, வெள்ளி

உருளைக்கிழங்கு கருகியது. பாத்திரமும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாத்தனார் கொடுத்த பளபளப்பான புத்தகத்தைப் பார்த்து கேரட் சூப் வைத்தேன். இரண்டாம் படியில் 'தேவையான உப்பு சேர்க்கவும்'. ஐந்தாம் படியில் மறுபடியும் அதே வரி. சொன்னபடி செய்வதுதானே முறை என்று இரண்டு தடவையும் போட்டேன். ருசித்துப் பார் என்று எந்த வரியிலும் இல்லை, நானும் பார்க்கவில்லை.

இவர் முழுக் கிண்ணத்தையும் குடித்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம், டீச்சர்."

அப்புறம் நான் ஒரு வாய் வைத்தேன். கடல் தண்ணி. துப்பிட்டு அங்கேயே உக்காந்துட்டேன். எதைக் குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பாரே — நான் என்ன மனுஷி?

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"எனக்கு எல்லாமே வெந்நீர்தான். நீ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னே. வேற என்ன சொல்றது?"

மார்ச் 12, புதன்

புத்தகக் கடைக்காரர் தடிமனான ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இதுல ஆயிரத்தோரு அயிட்டம் இருக்கு, மேடம்."

"ஒண்ணு ஒழுங்கா வந்தா போதும்."

"அதுக்கு நீங்க ஓட்டலுக்குத்தான் போகணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

நூலகத்தில் நான்கு புத்தகங்களை விரித்துவைத்து, நான்கிலும் கேரட் சூப்பை மட்டும் படித்தேன், விடைத்தாள் திருத்துவது போல. மூன்று ஃபெயில். நான்காவதில் படமே இல்லை. ஆனால், 'உப்பு ஒரு தேக்கரண்டி, தலை தட்டி.' 'வெங்காயத்தின் ஓரம் பழுப்பேறி, நடுப்பகுதி கண்ணாடி போல் இருக்கும். சுமார் ஆறு நிமிடம். சடசடப்பு அடங்கினால் ஈரம் வற்றிவிட்டது.' ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தவறினால்' என்று நாலு வரி. படிக்கிறவர் எங்கே சறுக்குவார் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்கள். எடுத்து வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

சூப் குடிக்கும்படி வந்தது. இவர் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டார். எடை அதேதான். நல்ல புத்தகம் கிடைத்து என்ன பிரயோஜனம்?

மார்ச் 19, புதன்

மேசையில் கிடந்த புத்தகத்தை இவர் புரட்டிக்கொண்டிருந்தார். "ஆறு நிமிஷமாம். எந்த அடுப்புல?" என்று முணுமுணுப்பு. கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, வாணலிப் பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறார்.

"மூக்கு இல்லாட்டி பரவாயில்லையாம். கண்ணும் காதும் போதும்ங்கறான் இவன்."

"நான் நறுக்கித் தரட்டுமா?"

"நீ நகரு. நீயும் உன் நறுக்கலும்."

கடைசியில் கரண்டியை என்னிடம் நீட்டினார். "உப்பு மட்டும் பார்த்துச் சொல்லு."

மார்ச் 28, வெள்ளி

ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறார். தான் சமைத்ததை மிச்சம் வைக்க மனசு வராதாம். அட்மிஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இப்போது ருசி பார்க்கும் வேலை மட்டும்தான்.

சாயங்காலம் நாத்தனார் போனில் கேட்டாள்: "அண்ணி, தனியா வீடு எடுத்திருக்காளே என் பொண்ணு, அவளுக்கு எந்த சமையல் புத்தகம் வாங்கட்டும்?"

சொன்னேன்: "கடையில நின்னு, நீ தூக்கத்துலகூடச் செய்யற ஒரு பண்டத்தோட பக்கத்தைத் திற. உனக்கு எதுவுமே தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, கடைசி வரி வரைக்கும் படிச்சுப் பாரு."