பச்சை இறைச்சியும் பச்சைப் பொய்யும்

அன்பு மகள் லிசலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், வாசல் முழுக்கப் பனி, நாய்க்கே வெளியே போக மனசில்லை. அட்லாண்டாவில் நீ சௌக்கியமாக இருப்பாய், இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் ஏதாவது கேலி பேசி நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்து விருந்தைச் சாப்பிட்டு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது என்றும், விருந்துக்குச் சமைத்த டெல்லாவின் உருளைக்கிழங்கு சாலட்டில்தான் சந்தேகம் என்றும் அம்மா சொல்லியிருப்பாள். சாலட் பாவம் லிசல், பாவி நான்தான். கொத்தின பச்சை மாட்டிறைச்சியை வெங்காயம் போட்டுப் பிசைந்து ரை ரொட்டியில் தடவித் தின்னும் நம் ஊர் வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று போன வருஷம் உன்னிடம் சத்தியம் செய்தேன் இல்லையா, இந்த வருஷமும் நான்தான் பிசைந்தேன். போதாததற்கு "லிசலிடம் சொல்லாதீர்கள்" என்று ஒரு அட்டை எழுதித் தட்டில் குத்தி வைத்தேன். கூடமே சிரித்தது. டேய் வில்மர், உன் பொண்ணு வந்தா உன்னையே சோதனைக்கூடத்துக்கு அனுப்பிடுவாடா என்று ராஸ்கோ மூன்றாவது ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டே சொன்னான். அந்த ராஸ்கோதான் இப்போது சிறுநீரகம் படுத்துப்போய் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் கிடக்கிறான்.

மாவட்டச் சுகாதார நர்ஸ் வீடு வீடாகப் போன் செய்கிறாள் என்று தெரிந்ததும் எல்லோரையும் பிடித்து, உணவு நோயை ஆராய்கிற பெண்ணின் அப்பனே பச்சை இறைச்சி பரிமாறினான் என்றால் அவள் பேர் என்னாவது, வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். உன் மேல் உள்ள பிரியத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறைச்சியே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் பச்சை இறைச்சிக்குப் பச்சைப் பொய்யைச் சொன்னேன். கடைசியில் அந்த நர்ஸ் நிதானமாக ஒன்று கேட்டாள், பிரியமானவங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு சில சாப்பாட்டைச் சொல்லாம விடுவாங்க, யாரையும் தண்டிக்க இல்ல, அப்படி ஏதாவது இருக்கா என்று. எங்க வாயில நுழைஞ்சது எல்லாம் வெளியே வந்தாச்சும்மா, சொல்ல ஒண்ணும் மிச்சமில்லை என்றேன். அவளும் சிரித்தாள். நல்ல ஜோக் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

இறைச்சியைச் சொல்ல ஆளில்லாததால் எல்லோரும் தின்ற சாலட்டின் மேல் பழி விழுந்தது. டெல்லாவின் சமையலறையை மூடச் சொல்லிவிட்டார்கள், கல்யாண ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போனது. திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனேன், அவள் பின்வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாகக் குளிரில் உறைந்து கிடந்தது. அவளுக்கும் அந்தத் தட்டைப் பற்றித் தெரியும் லிசல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள், சொல்லவில்லை. இறங்காமலே வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து நர்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிச்ச இறைச்சியை ராஸ்கோ பெண்டாட்டி அவன் வீடு திரும்பும் நாளுக்கென்று ஃப்ரீசரில் வைத்திருந்தாளாம், அன்றைக்கே வந்து எடுத்துப் போனார்கள், கிருமி அதில்தான் இருந்தது. பிறகு டெல்லாவிடம் போய் நின்றேன். உனக்காகவா வாயை மூடினேன் மடையா, அந்தப் பொண்ணு என் சமையல்கட்டுல வளர்ந்தது, அவளுக்காகடா, இனி என் சாலட்டை நீ கண்ணால பார்க்கவும் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டாள். உன் அம்மா கதவைச் சாத்தவில்லை, வாயைச் சாத்திவிட்டாள், அது இன்னும் குளிர்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லிப் போனை வைக்கும்போது நர்ஸ், நீங்க டாக்டர் லிசலுக்குச் சொந்தமா என்று கேட்டாள். அப்பா என்றேன். அந்தக் கடைசிக் கேள்வி அவங்க எழுதினதுதான் சார், ஜனங்க எதை ஏன் மறைக்கிறாங்கன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச கேள்வி என்றாள். நீ வருஷக்கணக்காகச் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்ல வந்தபோதெல்லாம் நான் பேதிக் கதை போதும் என்று எழுந்து போனவன். ஆக, யாரோ ஒரு நர்ஸ் கேட்கிறாள் என்று நினைத்தேனே, நீதான் கேட்டிருக்கிறாய். உன்னிடம்தான் ஜோக் அடித்திருக்கிறேன்.

உன் மேலதிகாரிகளிடம் நீ என்ன சொல்ல வேண்டுமோ சொல், என் பெயரை மறைக்காதே. டெல்லாவுக்கு ஒரு போன் போடு, என்னைப் பற்றிப் பேச வேண்டாம், அவளைப் பற்றிக் கேள். ராஸ்கோவுக்காக ஜெபம் பண்ணு. கடவுள் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். நீ சொன்னபடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறேன், நீ என்னைக் கைகழுவி விடாதே.

தலை நிமிராத உன் அப்பா,
வில்மர்